ஆறு சொட்டு

“மாப்பிள்ளை, இது எத்தனை லிட்டர் பிடிக்கும்?”

மாமனார் கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவுக்கு வந்த மறுநாள் காலை, கொல்லைப்புறத்தில் ஹாட் டப்பின், அதாவது வெந்நீரில் ஊறும் தொட்டியின், மூடியில் கை வைத்தபடி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு பேர் உட்காரலாம் என்று தெரியும். தண்ணீரைப் பீய்ச்சும் முப்பத்தெட்டு ஜெட் என்று தெரியும். ராத்திரியில் நீல விளக்கு எரியும் என்று தெரியும். லிட்டர் மட்டும் தெரியாது. வீட்டை எங்களுக்கு விற்றுவிட்டுப் போனவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“லிட்டர் தெரியாம மருந்து எப்படிப் போட்டீங்க?”

மருந்து போடவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மே மாதத்திலிருந்து அந்த மூடியை யாரும் திறக்கவில்லை என்பதற்கும் அதுதான் காரணம்.

மாமா விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 120 கிராம் நிறுத்து, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுவார். ஒரு மணி நேரம் விட்டுத்தான் வால்வைத் திறப்பார். அதோடு முடியாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) எச்சக் குளோரின் அங்கே இருக்க வேண்டும். டேங்கில் எவ்வளவு போட்டோம் என்பது கணக்கே இல்லை, கடைசிக் குழாயில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கணக்கு என்பார். கல்யாணமான புதிதில் இதை அவர் விளக்கும்போது நான் தலையாட்டிக்கொண்டே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

மே மாதக் கதைக்கு வருகிறேன். வீடு கைக்கு வந்தபோது டப் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் இருந்த திருகாணியின் வரிகூடத் தெரிந்தது. ஒரு நீண்ட வார இறுதியில் நானும் மனைவியும் நண்பர் குடும்பமும் இரண்டு மணி நேரம் ஊறினோம். மூன்றாம் நாள் இடுப்பைச் சுற்றியும் வயிற்றிலும் சிவப்பாகக் கொப்புளம் கொப்புளமாக ஒரே அரிப்பு. நீச்சல் உடை ஒட்டியிருந்த இடத்தில்தான் அதிகம். மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில், “ஹாட் டப்பில் உட்கார்ந்தீர்களா?” என்று கேட்டார். சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியா மயிர்க்கால்களில் புகுந்து செய்கிற வேலையாம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்றார். பத்து நாளில் ஆறியது. நண்பரின் மனைவி மட்டும் இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வீடு கைமாறிய அந்த மூன்று நான்கு வாரங்கள் தண்ணீரில் குளோரின் என்று ஒன்றுமே இருந்திருக்காது. 38 டிகிரி வெந்நீர், மேலே கனமான மூடி, உள்ளே பழைய வியர்வையும் தோலும். பார்வைக்கு மட்டும் பளிங்கு.

கொப்புளம் சின்ன விஷயம். பயப்பட வேண்டியது லெஜியோனெல்லா. 1976-ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்த ஹோட்டலில் பரவி, அவர்கள் சங்கத்தின் பெயரையே வாங்கிக்கொண்ட நுரையீரல் நோய்க்கிருமி. 25-லிருந்து 45 டிகிரி வரை அதற்குச் சுகமான வெப்பம். அதாவது நமக்கு எது சுகமோ அதுவே அதற்கும். தண்ணீரைக் குடித்து வருவதைவிட, நீர்த்திவலையை மூச்சில் இழுத்துத்தான் இது பெரும்பாலும் வருகிறது. ஜெட்டும் குமிழியும் செய்கிற வேலையே திவலை கிளப்புவதுதானே. 1999-ல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரின் மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்திருந்த தொட்டியிலிருந்து பரவி, நூற்றுக்கு மேற்பட்டோர் படுத்தார்கள், இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தொட்டியில் அவர்கள் யாரும் குளிக்கவில்லை, பக்கத்தில் நடந்து போனவர்கள். 2019-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கண்காட்சியிலும் இதே கதை, நான்கு உயிர்கள். மூடியைப் போட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டு நான் நான்கு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தது இதையெல்லாம் படித்த பயத்தில்தான்.

மாமாவுக்குப் பயம் இல்லை. “தண்ணியப் பாத்து எதுக்குப் பயம், அளந்து பாக்கணும்” என்றார். அன்று மதியமே வேலையைத் தொடங்கிவிட்டோம்.

பழைய தண்ணீரைத் திறந்துவிடத்தான் நான் குழாயை எடுத்தேன். நல்லவேளை, அதற்கு முன் படித்திருந்தேன். வெளியே தெரிகிற தொட்டி பாதிதான். மீதி, தொட்டிச் சுவருக்குப் பின்னால் பாம்பு பாம்பாகச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்கள். அந்தக் குழாயின் உட்சுவரில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். கிணற்றுப் படிக்கட்டில் கால் வழுக்குமே, அந்த வழவழப்பின் உறவு. பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் குடியிருக்கும் காலனி அது. குளோரின் மேலே இருப்பவற்றைக் கொல்லும், பசைக்கு உள்ளே இறங்காது. அதனால் பழைய தண்ணீரை விடுவதற்கு முன்பே, குழாய் கழுவும் திரவத்தை அந்தத் தண்ணீரிலேயே ஊற்றி, வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லா ஜெட்டையும் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். இது புது டப்புக்கும் பொருந்தும். தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள், அந்த ஈரம் குழாயில் தங்கியிருக்கும்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நுரை வந்தது, முதலில் வெள்ளை. அரை மணி நேரத்தில் அதன் ஓரம் பழுப்பானது. அப்புறம் ஒரு ஜெட்டிலிருந்து ஊறிய கருவாட்டுத் தோல் மாதிரி ஒரு துண்டு வெளியே வந்து மிதந்தது. இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாக. தண்ணீர் மட்டத்தில் சாம்பல் நிற வளையம் கட்டி, அதில் விரலை வைத்தால் பசை. நாற்றம் மழைக்காலச் சாக்கடையின் நாற்றம். மே மாதம் நாங்கள் இதற்குள்தான் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தோம். என் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். மாமா ஒரு குச்சியால் துண்டுகளைக் கிளறி, “டேங்க் கழுவுறப்போ இதவிட மோசமாப் பாத்திருக்கேன்” என்றார். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மின்சாரத்தைப் பிரேக்கரில் அணைத்துவிட்டுத் தண்ணீரை இறக்கினோம். பிரேக்கரை அணைக்காமல் இறக்கினால் தண்ணீர் இல்லாத ஹீட்டர் எரிந்து போகும். அந்தத் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடக்கூடாது. அது சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போவது. நாங்கள் அடித்தளத்தில் இருக்கும் கழிவுநீர்க் குழாய்க்குக் குழல் போட்டு விட்டோம். தொட்டிச் சுவரைத் துடைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி மருந்து ஓட்டி, மறுபடி இறக்கினோம். இரண்டாம் முறையும் பழுப்பு வந்தது, கொஞ்சம். மூன்றாம் முறை சுத்தமான வெள்ளை நுரை.

மூன்றாம் முறை நிரப்பும்போதுதான் மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அடித்தளத்தில் இருக்கும் தண்ணீர் மீட்டரைக் குழாய் திறக்கும் முன் ஒரு தடவையும், வடிகட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வந்ததும் ஒரு தடவையும் படிக்கச் சொன்னார். கழித்துப் பார்த்தால் 1.31 கன மீட்டர். 1,310 லிட்டர். “1,300ன்னு வச்சுக்கங்க. மனக்கணக்குக்குச் சுலபம்” என்றார். அந்த எண்ணை மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தேன். ஹாட் டப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இன்றுவரை இதுதான்.

குழலை நேராகத் தொட்டிக்குள் போடாமல் வடிகட்டி இருக்கும் குழிக்குள் விட்டு நிரப்பினால் குழாய்களில் காற்று நிற்காது. அப்படிச் செய்தும் பம்பு உறுமியது, தண்ணீர் நகரவில்லை. நான் கையேட்டைப் புரட்டுவதற்குள் மாமா பக்கப் பலகையைக் கழற்றி, பம்பின் யூனியன் நட்டை அரைச்சுற்று தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று போனது, தண்ணீர் கசிந்ததும் இறுக்கினார். “ஏர் பிடிச்சிருந்துச்சு. எந்த ஊர் மோட்டாரா இருந்தா என்ன.”

ஜக்குஸி என்று எல்லோரும் சொல்கிறோமே, அது ஒரு குடும்பப் பெயர் என்று அன்று அவரிடம் சொன்னேன். இத்தாலியிலிருந்து கலிபோர்னியா போன ஏழு சகோதரர்கள். முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள், விமானமும் செய்தார்கள். 1921-ல் அவர்கள் விமானம் விழுந்து ஒரு சகோதரரும் இறந்தபின் அதை விட்டுவிட்டு, கிணற்று ஜெட் பம்புக்கு மாறினார்கள். அவர்களில் ஒருவரான காண்டிடோவின் மகனுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். அந்தப் பையனை வீட்டிலேயே வெந்நீரில் வைத்து நீர்ப்பாய்ச்சலால் பிடித்துவிடுவதற்காகச் செய்த பம்புதான் 1956-ல் சந்தைக்கு வந்தது. மாமா இதைக் கேட்டு அடைந்த சந்தோஷத்தை நயாகரா பார்த்தபோதுகூட அடையவில்லை. “ஜெட் பம்புக்காரங்களா! அதான பாத்தேன்.”

சரி, தண்ணீர் ஓடுகிறது. இனி ரசாயனம். இங்கேதான் நான் இரண்டு வாரம் முட்டாளாக இருந்தேன்.

கடையில் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்தவர், காரத்தன்மை 90 இருக்கிறது, 120-க்கு ஏற்றுங்கள், அப்போதுதான் பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், அசையாமல் நிற்கும் என்றார். பெரிய டப்பா ஒன்றும் விற்றார். பின்புறம் படித்தால் சோடியம் பைகார்பனேட். ஆப்பசோடா! மளிகைக் கடையில் அரை விலைக்குக் கிடைப்பது. 1,300 லிட்டருக்குக் காரத்தன்மையை 10 புள்ளி ஏற்ற 22 கிராம் சோடா போதும். 66 கிராம் போட்டு 120-க்கு ஏற்றினேன். பிஎச் 7.6. திருப்தி. மறுநாள் 7.9. அடுத்த நாள் 8.2. அமிலத் தூள் போட்டு 7.4-க்கு இறக்கினேன். இரண்டு நாளில் மறுபடி 8.2. மறுபடி அமிலம். இப்போது காரத்தன்மை 90-க்கு இறங்கியிருந்தது, கடைக்காரர் பேச்சைக் கேட்டு மறுபடி சோடா. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ அமிலத் தூளில் பாதி தீர்ந்தது.

விஷயம் சோடா பாட்டில் விஷயம். காரத்தன்மை என்பது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட். அதோடு கொஞ்சம் கரிவளியும் (கார்பன் டை ஆக்சைடு) கரைந்திருக்கும், பன்னீர் சோடாவில் இருப்பது போல. கரைந்திருக்கும் கரிவளி லேசான அமிலம். பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் என்ன ஆகும்? வாயு போய்விடும். முப்பத்தெட்டு ஜெட்டும் நாள் முழுக்க அந்தக் குலுக்கலைத்தான் செய்கின்றன. வாயு போகப் போக அமிலம் போகிறது, பிஎச் ஏறுகிறது. காரத்தன்மை கூடுதலாக இருந்தால், வெளியேறக் காத்திருக்கும் வாயுவும் கூடுதல். பிஎச்சை நிறுத்தி வைக்க நான் போட்ட சோடாதான் அதைத் தூக்கிக்கொண்டிருந்தது.

புரிந்தபின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதுதான் அழகு. சோடா போடுவதை நிறுத்தினேன். பிஎச் 7.8-ஐத் தாண்டும்போது மட்டும் அமிலம் போட்டு 7.4-க்கு இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் காரத்தன்மை தானாகக் குறைந்துகொண்டே வந்து 60 பக்கம் வந்ததும், பிஎச் 7.6-ல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் வாரக்கணக்கில் அசையவில்லை. இது நான் போடும் குளோரின் வகைக்குப் பொருந்தும் கணக்கு. வேறு வகை போடுபவர்களுக்குக் காரத்தன்மை கொஞ்சம் கூடவே வேண்டியிருக்கும், சொல்கிறேன்.

பிஎச்சுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், கண் எரிச்சலுக்காக மட்டும் இல்லை. குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், ஒன்று கிருமியைக் கொல்லும், இன்னொன்று பெரும்பாலும் சும்மா இருக்கும். பிஎச் 7.5-ல் பாதிக்குப் பாதி. 8-க்குப் போனால் வேலை செய்வது கால் பங்கு. அளவுகோலில் 3 என்று காட்டும், ஆனால் ஆள் பாதி தூக்கத்தில். கடினத்தன்மை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் குழாய்த் தண்ணீரில் 120 சொச்சம், 150 இருந்தால் நல்லது என்கிறார்கள், கொஞ்சம் கால்சியம் போட்டேன், அவ்வளவுதான்.

இப்போது குளோரின். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி ஹாட் டப்புக்குச் சொல்வது குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் 4 முதல் 8, பிஎச் 7.0 முதல் 7.8. இதைச் சொன்னதும் மாமா நம்பவில்லை. “மூணா? ஊருக்கே பாயிண்ட் ரெண்டுதான்!” கணக்குப் போட்டுக் காட்டினேன். 65,000 லிட்டர் நீச்சல் குளத்தில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் தலைக்கு 325 லிட்டர். எங்கள் டப்பில் நான்கு பேர் உட்கார்ந்தால் தலைக்கு அதே 325 லிட்டர். அதிலும் 40 டிகிரி வெந்நீரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேர்க்கிறோம். தண்ணீருக்குள் இருப்பதால் வேர்ப்பது தெரிவதில்லை. மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “இது குளம் இல்ல மாப்பிள்ளை. ரசம்.”

எல்லாரும் தொடங்குவது டைக்ளோர் என்ற வெள்ளைக் குருணையில். சீக்கிரம் கரையும், கையாளச் சுலபம், கடையில் ‘ஸ்பா குளோரின்’ என்று விற்பது அதுதான். ஆனால் அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் ஒட்டிக்கொண்டு வரும். வெயிலில் குளோரின் அழியாமல் இருக்கத் திறந்தவெளிக் குளத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே நிற்கும். டைக்ளோர் வழியாக 10 பிபிஎம் குளோரின் போட்டால் 9 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்கிறது. நாளுக்கு 5 பிபிஎம் வீதம் இரண்டு மாதம் போட்டால் 270. அந்தக் கூட்டத்தில் 3 பிபிஎம் குளோரின் கை கட்டிப்போட்ட காவல்காரன் மாதிரிதான். முதல் மாதம் நன்றாக இருந்த தண்ணீர் மூன்றாம் மாதம் காரணமே இல்லாமல் கலங்குகிறது என்று பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் கலந்த குளோரினே வேண்டாம் என்பது சிடிசியின் நிலை. பல பழைய கைகள், முதல் வாரம் டைக்ளோர் போட்டு 30 வந்ததும் நிறுத்திவிட்டுத் துணி வெளுக்கும் பிளீச்சுக்கு மாறுகிறார்கள். நான் அந்தத் தண்ணீரில் முதல் நாளிலிருந்தே பிளீச்தான். டைக்ளோர் தண்ணீரை மெல்ல அமிலப் பக்கம் இழுக்கும், அதனால் அதைப் போடுபவர்களுக்குக் காரத்தன்மை 80, 100 என்று வேண்டும். பிளீச்சுக்கு 60 போதும்.

வாசனை இல்லாத, கெட்டிப்படுத்தாத, வெறும் பிளீச்சாகப் பார்த்து வாங்க வேண்டும். தெறிக்காமல் இருக்கக் கெட்டியாக்கிய வகை டப்பில் நுரை கட்டும். பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் எங்கள் 1,300 லிட்டருக்கு 22 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். ஓர் ஆள் ஒரு மணி நேரம் ஊறினால் ஏறக்குறைய 150 மில்லி செலவு. புதுத் தண்ணீருக்கு முதலில் 10 பிபிஎம் வரை ஏற்றி, ஜெட்டைப் போட்டு, மூடியைத் திறந்தே வைத்து, அது 5-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் நாங்கள் இறங்கினோம். பிறகு ஒவ்வொரு தடவையும், இறங்கும் முன் அளப்பது, வெளியே வந்த பின் ஊற்றுவது. ஊற்றியதும் கால் மணி நேரம் மூடி திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரிலிருந்து கிளம்பும் குளோரின் ஆவி மூடியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும்.

அளப்பதற்கு முதலில் காகிதப் பட்டைகள் வைத்திருந்தேன். மூன்று பட்டை நனைத்தால் மூன்று நிறம். மாமா அதைத் தொடவே இல்லை. சொட்டு மருந்துப் பெட்டி வாங்கினோம். பத்து மில்லி தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடி போட்டதும் குப்பி ரோஜாப் பூ நிறத்துக்கு வரும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்ற வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... நிறம் வெளிறிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு சொட்டில் தண்ணீராகிவிடும். ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம். ஆறு சொட்டு என்றால் 3. ஜன்னலோரம் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மாமா எண்ணுவதைப் பார்க்க வேண்டும். அவர் ஊரில் பார்த்த மஞ்சள் மருந்து, கிருமியைக் கொல்லும் தனிக் குளோரினையும், அழுக்கோடு சேர்ந்து ஓய்ந்துபோன குளோரினையும் பிரித்துக் காட்டாது. இது பிரிக்கும். டொராண்டோ குழாயிலேயே குளோரின் அமோனியாவோடு சேர்ந்த வடிவில்தான் வருகிறது என்பதை அவர் குழாய்த் தண்ணீரைச் சோதித்தே கண்டுபிடித்தார். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் நாற்றம்’ உண்மையில் இந்த ஓய்ந்துபோன குளோரினின் நாற்றம். நாறினால் குறைக்கக் கூடாது, இன்னும் ஊற்ற வேண்டும் என்று சொன்னபோது என் மனைவி எங்கள் இருவரையும் சேர்த்துச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பெட்டி வாங்கும் முன் ஒரு கூத்து நடந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வகைக் குப்பியில் மருந்து விட்டேன், நிறமே வரவில்லை. பூஜ்யம் என்று நினைத்து 100 மில்லி ஊற்றினேன். மறுபடி பூஜ்யம். மறுபடி ஊற்றப்போனவனை மாமா தடுத்தார். குப்பியில் தண்ணீரைக் கால்வாசியாக்கி, மீதிக்கு, குளோரின் இல்லாத பாட்டில் தண்ணீரைச் சேர்த்துச் சோதிக்கச் சொன்னார். அடர் ரோஜா! குளோரின் அளவுக்கு மீறி இருந்ததால் அது சோதனை மருந்தின் நிறத்தையே வெளுத்துக்கொண்டிருந்தது. நான்கால் பெருக்கினால் இருபதைத் தாண்டியது. அன்று இறங்கியிருந்தால் நீச்சல் உடையின் சாயம் போயிருக்கும், கண் என்ன ஆகியிருக்குமோ.

நுரை வந்தது ஒரு சனிக்கிழமை. காலையில் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மாலையில் மாமா முதல் தடவையாக டப்பில் இறங்கினார். பத்தே நிமிடம். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, ஊர் மருத்துவரிடம் போனில் கேட்டு, வெப்பத்தை 37-க்கு இறக்கித்தான் உட்கார வைத்தோம். 40 டிகிரிதான் யாருக்குமே உச்சவரம்பு, கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். சொல்ல வந்தது நுரையை. ஜெட்டைப் போட்டதும் பால் பொங்குவது போலப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. சீயக்காய் எவ்வளவு போட்டாலும் மயிர்க்காலில் எண்ணெய் நிற்கும்தானே. எண்ணெய், கிரீம், துணி சோப்பு மிச்சமிருக்கும் நீச்சல் உடை எல்லாம் இதே வேலையைச் செய்யும். நுரை அடக்கும் மருந்து ஊற்றினால் அந்த நேரத்துக்கு அமுங்கும், எண்ணெய் அங்கேயேதான் இருக்கும். அன்றிரவு 8 பிபிஎம் வரை ஏற்றினோம், காலையில் ஒரு பிபிஎம்கூட மிச்சமில்லை. யாரும் இறங்காத ஓர் இரவில் கால் பங்குக்கு மேல் குறைந்தால் உள்ளே அதைத் தின்ன ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மூன்று இரவு ஊற்றியும் சரியாகவில்லை, 1,300 லிட்டரையும் இறக்கிவிட்டோம். எண்ணெய்க் குளியல் நாளில் டப்புக்கு விடுமுறை என்று அவரே சட்டம் போட்டார். மற்ற நாளிலும் இறங்கும் முன் வெறும் தண்ணீரில் ஒரு குளியல் கட்டாயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என்னைக் கடிந்து பேசினார். அமிலத் தூள் டப்பாவையும் பிளீச் பாட்டிலையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. வெவ்வேறு வகைக் குளோரின்களைக் கலந்தாலும் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதே தப்பு. இப்போது அமிலம் கராஜில், பிளீச் அடித்தளத்தில். ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் ஜெட் ஓடிய பிறகுதான் இன்னொன்று. எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மற்றபடி பெரிய வேலை ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வடிகட்டியைக் கழற்றிக் குழலால் மடிப்பு மடிப்பாகக் கழுவுவது, சோப்பு தொடாமல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய் கழுவித் தண்ணீர் மாற்றுவது. ஸ்கார்பரோவில் ஜனவரியில் மாற்றுகிற நிலைமை வரக்கூடாது என்பதால் டிசம்பர் தொடக்கத்திலேயே மாற்றிவிட வேண்டும். இறக்கின தொட்டியில் ஹீட்டர் ஓடாது, குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் மைனஸ் பதினைந்தில் உறைந்து குழாயைப் பிளந்துவிடும்.

மாமா மார்ச்சில் ஊருக்குத் திரும்பினார். ஒரு ரூல் போட்ட நோட்டை விட்டுப் போயிருக்கிறார். தேதி, சொட்டு, பிஎச், பிளீச் மில்லி, ஆள் என்று ஐந்து கட்டம். ‘ஆள்’ கட்டத்தில் அவர் பெயர் மொத்தம் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு, அவருக்கு அது சனிக்கிழமை காலை, வாட்ஸப்பில் கூப்பிடுவார். பேத்தியின் பள்ளிக்கூடம், என் முதுகுவலி எல்லாம் அப்புறம்தான்.

“எத்தனை சொட்டு?”

போன வாரம் நாலு என்றேன்.

“அப்ப இறங்காதீங்க. 22 மில்லி ஊத்திட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, போனை மாமியாரிடம் கொடுத்தார்.